எல்லார்க்கும் ஒரு வண்டி

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில்வே குமாஸ்தா மேடையேறினால் இரயிலைப் பற்றித்தான் பேசுவான் என்று எண்ணியிருப்பீர்கள். ஆனைகட்டிக்கு இருப்புப்பாதை ஏது? கோவையிலிருந்து வந்தாலும், மண்ணார்க்காட்டிலிருந்து வந்தாலும் நமக்குக் கதி பஸ்தான். ஆகவே அச்சொல்லின் பிறப்பையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நெடுஞ்சொற்களைக் குறுக்குவதில் ஆங்கிலேயர் வல்லவர். எங்கள் இலாகாவிலே 'லோகோமோடிவ்' என்பது 'லோகோ' ஆயிற்று. அதில் வால் போயிற்று, தலை தங்கிற்று. 'பஸ்' என்பதிலோ தலை போய் வால் மட்டும் தங்கிவிட்டது! முழுச்சொல் 'ஆம்னிபஸ்'. இலத்தீன் மொழியிலே அதற்கு 'எல்லார்க்கும்' என்று பொருள். ஈற்றிலுள்ள 'பஸ்' வெறும் வேற்றுமை உருபின் துணுக்கு. நம் இலக்கணப்படி நான்காம் வேற்றுமை. 'எல்லார்க்கும்' என்பதில் 'எல்லார்' என்பதை வெட்டியெறிந்துவிட்டு, "அதோ 'க்கும்' வருகிறது, ஏறுங்கள்" என்று நாம் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிரான்சு நாட்டு நாந்த் நகரில் 1826ஆம் ஆண்டில் போத்ரி என்பவர் தம் குளியல் விடுதிக்கு ஆட்களை ஏற்றிச்செல்லக் குதிரை வண்டி விட்டார். ஏறியவர்களோ குளிக்கப் போகாமல் வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள்! வண்டித் தொழிலே இலாபம் என்று அவர் கண்டுகொண்டார். அவ்வூர்த் தொப்பிக்கடைப் பலகை ஒன்றிலிருந்து 'ஆம்னிபஸ்' என்னும் பெயர் வந்ததாகச் சொல்லுவர். அது பின்னாளிற் கட்டிய கதை என்றே எனக்குப் படுகிறது. 1829 ஜூலை 4ஆம் நாள் ஷில்லிபீர் என்பவர் இலண்டனில் இத்தகைய வண்டியை ஓட்டினார். குதிரை மூன்று, பயணிகள் இருபத்திரண்டு பேர். முன்பதிவு வேண்டாம், காசு கொடுத்தவர் எவரும் ஏறலாம். சில ஆண்டுகளுக்குள் மக்கள் வாயில் அது 'பஸ்' ஆகிவிட்டது.

தமிழ்நாட்டிலோ சொல் மட்டுமா தலையிழந்தது? இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கையிலே காசு இருந்தும், மைல் கணக்காக நடந்தவர்கள் நம் மக்கள். 'எல்லார்க்கும்' என்று பெயர் பூண்ட வண்டி அது! 1930ஆம் ஆண்டையொட்டி அம்மாவட்டக் கழகத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார், அவர்களை ஏற்றாத பஸ்ஸின் உரிமம் இரத்தாகும் என்று ஆணையிட்டார். சென்னைப் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்ததே. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸில் இருக்கையை விட்டெழ மறுத்தது 1955 டிசம்பர் 1ஆம் நாள். அதன்பின் அங்குக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே உரிமை பெற்றார்கள்.

'பேருந்து' நல்ல தமிழ்ச்சொல்தான். எனினும் அது வண்டியின் பருமனைச் சொல்லுகிறதேயன்றி, யாருக்கான வண்டி என்பதைச் சொல்லவில்லை. இன்று முழுப்பெயரோடு ஓடுவது தனியாரின் நெடுந்தூர 'ஆம்னி பஸ்'. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றத்தக்க வண்டி 'ஆம்னிபஸ்' என்கிறது. சட்டத்திற்குத் தலைக்கணக்கு போதும். தீபாவளிக்கு முதல்நாள் அதன் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவரிடம் அப்பெயரின் பொருளைச் சொல்லிப் பாருங்கள்!

கடைசி வண்டிக்குக் கோவை செல்லவேண்டிய அன்பர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இத்துடன் அமைகிறேன்.