சரிவில் புல் வெட்டுவோர்

மலைநாட்டின் விடுதி வளவுகளிலும் தெருவோரங்களிலும் புல் வெட்டுபவர் சறுக்கி வீழ்ந்தால், "கவனம் போதாது" என்று சொல்லிவிடுகின்றனர். ஆயினும், அத்தகைய விபத்துக்கள் பலவற்றின் வித்து, இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்னரே ஊன்றப்பட்டுவிடுகின்றது.

முதலாவது, சரிவை அளத்தல் வேண்டும். ஒரு மீற்றர் நீளப் பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, நீர்மட்டங் கொண்டு பலகையைச் சமமாகப் பிடித்தால், மறுமுனைக்கும் கீழேயுள்ள நிலத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 27 சென்ரிமீற்றராயின், சரிவு 15 பாகையாகும். ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகள் பலவற்றுக்கு, அவற்றைச் செய்தோர் வகுத்த எல்லை இதுவே.

இரண்டாவது, செல்லும் திசை. ஏறியோட்டும் இயந்திரம் சரிவில் மேலுங் கீழுமாகச் செல்லல் வேண்டும். குறுக்கே சென்றால் பக்கவாட்டிற் கவிழக்கூடும். தள்ளும் இயந்திரமோ குறுக்கே செல்லல் வேண்டும். மேலுங் கீழுமாகச் செலுத்துகையில் கால் சறுக்கினால், பாதம் அலகில் அகப்படக்கூடும்.

மூன்றாவது, ஈரம். தென்மேல் பருவமழை பெய்யும் மாதங்களில், நேற்றுப் பிடிப்பளித்த புற்றரை இன்று வழுக்கும். அது காயும்வரை பொறுத்தலே முறை. எல்லை கடந்த செங்குத்தான இடங்களில், அடிக்கடி வெட்ட வேண்டாத படர்செடிகளை நடுதல் நன்று.

இவற்றையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் வேலை ஏவுபவரே. அன்றைய கூலி போய்விடுமே என்றஞ்சி ஈரச்சரிவில் இறங்குபவருக்குச் சப்பாத்து மட்டும் காவலாகாது. "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் கூலி குறையாது என்ற உறுதியே முதற் காவல்.