துறைமுகச் சபையும் தாய்க்குலத்தின் தலைமையும்

திருக்கோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு



திருச்சபைத் தலைமையில் பெண்களுக்குரிய இடத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இது கிறித்தவர் வீட்டுக் காரியம் என்று சைவப் பெருமக்கள் எழுந்து போய்விட வேண்டாம். எங்கள் சபைகளைப் பற்றி நான் கேட்கும் கேள்வியை உங்கள் ஆலய பரிபாலன சபைகளைப் பற்றி நீங்களும் கேட்கலாம். கேட்டால் குறையொன்றும் வந்துவிடாது.

"இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமோகம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் வேதாகமத்தை எடுத்து, ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். அதன் தொடக்கத்தில் பவுல் அடிகளார் பெபேயாள் என்னும் பெண்மணியைச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறார். அவள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. கெங்கிரேயா என்பது யாது? கொரிந்து மாநகரின் துறைமுகம்! மரக்கலங்கள் வந்து தங்கும் துறை. மாலுமிகளும் வணிகரும் கூலிகளும் கலந்து வாழ்ந்த ஊர். நம் கோணமாமலைத் துறையைப் போன்றதோர் ஊர். கிரேக்க மூலத்தில் அவளுக்கு இடப்பட்ட பெயர் 'தியாகோனோஸ்' என்பது. அதே சொல், சபையில் பதவி வகித்த ஆண்களைக் குறிக்கும் இடங்களில், நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'உதவிக்காரர்' என்ற பதவிப் பெயராகிறது. பெண்ணுக்கு வரும்போதோ 'ஊழியக்காரி' என்று ஆகிவிடுகிறது. மொழிபெயர்த்தவர் எண்ணம் எதுவாயினும், பதவி ஆணுக்கும் பணி பெண்ணுக்கும் என்று கேட்போர் செவியில் பதிந்துவிட்டது!

"பெண்கள் சபையில் பேசலாகாது என்று அதே பவுல் எழுதவில்லையா?" என்பார்கள். எழுதினார். ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், சபையில் ஜெபமும் தீர்க்கதரிசனமும் செய்யும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பேசவே கூடாதவள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்லுவாள்? ஒரு வசனத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டு மறு வசனத்தை விட்டுவிடுவது வழக்கறிஞருக்கு அழகாயிருக்கலாம். வேதம் ஓதுவோருக்கு அழகன்று.

நம் இலங்கைத் தீவின் வரலாற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அதனை நடத்தினார். 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்று அவரைப் போற்றினார்கள். அங்கே கற்றவர்கள் ஆசிரியைகளாகவும், வீடு வீடாகச் சென்று வாசித்துக் காட்டிய வேதாகம மாதர்களாகவும் சபையைக் கட்டினார்கள். ஆயினும், அக்காலத்தில் குருவாகும் வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை.

கமக்கார நண்பர்களே, இந்த நியாயம் உங்களுக்குப் புதிதன்று. நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் கதிர் பொறுக்குவதும் பெண்கள். குளத்து மதகை எந்த நாளில் திறப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்போர் யார்? வட்டவிதானையாக வருபவர் யார்? வயலிலே நடப்பதுதான் ஆலயத்திலும் நடக்கிறது.

இனி மற்றொரு துறைமுகத்தின் கதையைச் சொல்லுகிறேன். இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகத்தின் மீது 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன அல்லவா? அதே போர்க்காலத்தில் சீனக் கரையிலுள்ள மக்காவு நகரம் அகதிகளால் நிரம்பி வழிந்தது. நற்கருணை வழங்க அங்கிலிக்கன் குரு எவரும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. புளோரன்ஸ் லீ டிம் ஓய் என்ற சீனப் பெண்மணியே அந்தச் சபையைக் காத்து நின்றார். 1944 ஜனவரியில் ஹொங்கொங் அத்தியட்சர் ஹோல், துணிந்து அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அங்கிலிக்கன் உலகில் குருவான முதற் பெண் அவரே. போர் முடிந்தது. என்ன நடந்தது? பெரிய இடங்களிலிருந்து கண்டனம் எழுந்தது. 1946இல், தமக்காக அத்தியட்சர் பதவி இழக்கலாகாது என்று, அந்த அம்மையார் குருப்பணி ஆற்றும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தார். ஹொங்கொங்கில் அடுத்து இரு பெண்கள் குருவாக 1971 வரை, 27 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

போர் வந்தால், "அம்மா, நீயே பார்த்துக்கொள்" என்பது. அமைதி வந்தால், "அம்மா, சற்றே விலகி நில்" என்பது. இதுவா நியாயம்?

நம் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பரில் கடல் பொங்கிற்று. 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கிழக்கு மாகாணத்தில் 49,000 கைம்பெண்கள் இருப்பதாக 2010இல் அரசாங்கத் தரப்பிலேயே கணக்குச் சொன்னார்கள். ஆண் இல்லாத அந்த வீடுகளில் அடுப்பெரித்தவர்களும், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும், ஆலயத்துக்குக் காணிக்கை கொணர்ந்தவர்களும் யார்? 2009இல் போர் ஓய்ந்தது. இப்போது நாமும் மக்காவு அம்மையாருக்குச் சொன்னதையே இவர்களுக்கும் சொல்லப் போகிறோமா?

வாசல் முற்றாக அடைபட்டிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மெதடிஸ்த சபையில் பெண் குருமார் உண்டு. இலங்கை அங்கிலிக்கன் சபையும் 2006இல் பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தது. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். இந்நாட்டுப் பெண்கள் 1931இல் வாக்குரிமை பெற்றார்கள். அடுத்த ஆண்டிலேயே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமர் இங்கே தோன்றினார். அரசாங்கம் ஒப்புக்கொண்ட சமத்துவத்தை அந்தப் பலிபீடம் ஒப்புக்கொள்ள 75 ஆண்டுகள் சென்றன! தென்னிந்தியத் திருச்சபையோ 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியாலின் அத்தியட்சராக்கிவிட்டது. 2025 அக்டோபரில் காண்டர்பரிப் பேராயர் பதவிக்கே சாரா முல்லல்லி என்ற பெண்மணி நியமிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

கத்தோலிக்க நண்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று 1994இல் பாப்பரசர் கூறினார். அந்த வழக்கை நான் இம்மேடையில் தீர்க்கப் போவதில்லை. ஆனால் குருப்பட்டம் வேண்டாத நாற்காலிகள் எத்தனை இருக்கின்றன! 2025 ஜனவரியில் சிமோனா பிரம்பில்லா என்ற கன்னியாஸ்திரியை வத்திக்கானின் ஒரு பேராயத்துக்கே தலைவியாக நியமித்தார்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தேயாக வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. அக்குழுவில் பெண் அமர எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. பணப்பெட்டியின் திறப்பு எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் பாதித் தலைமை இருக்கிறது என்பதை அறியாதவர் இங்கு எவருமில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இரண்டே. ஒன்று: உங்கள் ஆலயத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், தேநீர் வைக்கவும் பூ அலங்காரம் செய்யவும் மாத்திரம் மாதரை அழைக்காமல், பொருளாளர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரைப் பிரேரியுங்கள், வழிமொழிய ஓர் ஆண்மகன் முன்வரட்டும். மற்றொன்று: பிலிமத்தலாவையில் 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரியில் தமிழிலேயே குருத்துவக் கல்வி கற்கலாம். சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள், ஆலயக் கூரைக்கு நிதி திரட்டுவதுபோல, நம் மாவட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தியை அங்கே அனுப்பவும் ஒரு நிதி திரட்டுங்கள். அந்த நிதிக்கு முதற் காணிக்கையை இம்மேசையிலேயே வைத்துவிட்டு அமர்கிறேன்.