படத்துக்குக் கீழே ஒரு வரி

கதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். தகவல் நூலில் வேண்டியதைத் தேடி எடுக்கலாம். அந்தத் தேடும் வழியைத்தான் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நாம் சரியாகப் பழக்குவதில்லை. சோதனைக்கு மனப்பாடம் செய்யவே நேரம் போகிறது.

சுற்றாடல் பாடநூலைக் கொடுத்து, "மரங்களைப் பற்றி எந்தப் பக்கத்தில இருக்கு? உள்ளடக்கத்தைப் பாருங்க பிள்ளையள்" என்று கேளுங்கள். மட்டக்களப்பு வாவியின் வரைபடத்தை விரித்து, நீல நிறம் எதைக் காட்டுகிறது, கல்லடிப் பாலம் எங்கே என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நண்டை வரையவிட்டு, கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "இது நண்டு" என்று எழுதினால் விடாதீர்கள். அது படத்திலேயே தெரிகிறதே! கவ்வும் கால்களோடு சேர்த்து நண்டுக்குப் பத்துக் கால் என்று எழுதினால், அது படக்குறிப்பு.

இப்படித் தகவலை விளக்கும் வழிகள் பெரியவர்களின் நூல்களிலும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் இசையை விளக்கக் கணக்கும் அட்டவணையும் வருகின்றன.

பெற்றோரே, இன்று பின்னேரம் பிள்ளையின் பாடநூலில் உள்ளடக்கப் பக்கத்தைச் சேர்ந்திருந்து ஒருமுறை புரட்டுங்கள்.