விருந்து விருந்தாகவே இருக்கட்டும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் குடும்பங்களுக்கான நலக் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்த நாளிலிருந்து நம்மிடம் பலரும் கேட்டது ஒரே கேள்விதான். "பிரியாணியை விடச் சொல்லப்போகிறீர்களா?" இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், நிம்மதியாக உட்காருங்கள். நாம் பேச வந்தது விருந்து இல்லாத நாட்களைப் பற்றி. செவ்வாய், புதன் என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத அந்தச் சாதாரண நாட்களில் நம் வாய்க்குள் என்ன போகிறது, நம் கால்கள் எவ்வளவு நடக்கின்றன என்பதைப் பற்றி.

ஓர் அறக்கட்டளை இதை ஏன் பேச வேண்டும்? நம்மிடம் வரும் உதவி மனுக்கள்தான் காரணம். பிள்ளையின் படிப்புக்கு, குமரின் திருமணத்துக்கு என்று வரும் மனுக்களோடு, டயாலிசிஸ் செய்துகொள்பவரின் குடும்பத்திலிருந்து வரும் மனுக்களையும் இப்போது சேர்த்தே படிக்கிறோம். அரசு மருத்துவமனையிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அந்தச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டும். தனியாக அனுப்ப முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். அவருடைய அன்றைய கூலி போய்விடும். கடை வைத்திருந்தால் ஷட்டர் இறங்கிவிடும். காலேஜில் படிக்கும் மகன் படிப்பை நிறுத்திக் கடையில் உட்காருவான். இதற்கு நாம் பணம் கொடுக்கலாம், துஆச் செய்யலாம். பழுதான சிறுநீரகத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியாது. சிறுநீரகம் பழுதாக முதன்மையான காரணங்கள் கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். இரண்டும் ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் உள்ளே வேலை செய்பவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்களும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்த மண்டபத்தில் இருப்பவர்களை மனதில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பாட்டன்மார் நம்மைவிடக் கட்டுப்பாடானவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இந்தக் கரிசல் காட்டில் வரகும் சோளமும் கம்பும் விளைந்தன, அதையே தின்றார்கள். பருத்திக் காட்டுக்கு நடந்து போனார்கள், சந்தைக்கு நடந்து போனார்கள். அரிசிச் சோறே பல வீடுகளில் பெருநாள் சமாச்சாரமாக இருந்தது. கறி ஆக்கினால் தெருவுக்கே தெரியும். விருந்து என்ற சொல்லுக்கு அன்று ஒரு எடை இருந்தது.

பிறகு, வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் நம் ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அங்கே பலருடைய வாழ்க்கை எப்படி? வேலை முடிந்து அறைக்கு வர இரவு பத்து மணி, பதினொரு மணி. பசியோடு ஒரு பெரிய சாப்பாடு, உடனே படுக்கை. ஊரில் கடை நடத்துபவர்களின் கதையும் இதேதான். கடையைக் கட்டிவிட்டு வரும் வழியில் நான்கு வழிச்சாலை ஓரத்தில் பரோட்டா, சால்னா. வீட்டில் மனைவி எடுத்து வைத்த சோறு காலையில் ஆட்டுக்குப் போகிறது.

வேலை மிகுதியான வாழ்க்கையில் உடம்பைப் பார்க்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆகவே நேரம் கேட்காத மாற்றங்களைப் பற்றி முதலில் பேசுவோம்.

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சீனி என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று. ஐந்து டீ, பத்து ஸ்பூன், ஏறக்குறைய 45 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015ல் தந்த வழிகாட்டுதல்படி, சராசரி ஆள் ஒரு நாளில் மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அதாவது வேறு எந்த இனிப்பையும் தொடாத நாளில்கூட, டீயிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. டீயோடு வரும் பிஸ்கட்டையும் போண்டாவையும் நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை வரும் பெருநாள் பிரியாணிமீது பழி போடுகிறோம், தினம் ஐந்து முறை வரும் டம்ளர் தப்பித்துக்கொள்கிறது.

ஒரேயடியாக விட வேண்டாம். இரண்டு ஸ்பூன் குடிப்பவர் இந்த மாதம் ஒன்றரை, அடுத்த மாதம் ஒன்று என்று இறங்கலாம். நாக்கு பழகிக்கொள்ளும், அதற்குச் சில வாரம் போதும். "நாட்டுச் சர்க்கரைதானே, கருப்பட்டிதானே" என்று தாராளமாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. உடம்பின் கணக்கில் அதுவும் சர்க்கரையே. பேரீச்சம்பழமும் அப்படித்தான். நல்ல பழம், அதில் நாரும் சத்தும் உண்டு. ஆனால் உலர்ந்த பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரை உள்ளவருக்கு ஒன்று இரண்டு போதும், டப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தட்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்கிறார்கள். நம் வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, காயில் ஒரு கரண்டி கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இதற்குச் செலவில்லை. முருங்கைக்கீரை கொல்லையில் நிற்கிறது. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் இந்த மாவட்டத்தின் பெருமை, அதைத் தயிரில் அரிந்து போட எவ்வளவு நேரம் ஆகும்?

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, நம் வரகும் கம்பும் பாக்கெட்டில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் கேழ்வரகுக் களியை இரண்டு பெரிய உருண்டை விழுங்கிவிட்டு, "நான் சிறுதானியம்தான் சாப்பிடுகிறேன், எப்படிச் சர்க்கரை ஏறியது?" என்று டாக்டரிடம் சண்டை போட முடியாது. தானியம் எதுவானாலும் அளவு அளவுதான். வயிற்றை மூன்றாகப் பகுத்து ஒரு பங்கை மூச்சுக்கு விட வேண்டும் என்ற நபிவழிப் பாடத்தை நாம் ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

இனி விருந்துக்கு வருவோம். பிரச்சினை பிரியாணியில் இல்லை, அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. திருமண மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று நிக்காஹ் அழைப்பு, இரண்டு வலீமா, ஒரு புதுமனை புகுவிழா. சொந்தம், ஜமாஅத், எதையும் தட்ட முடியாது. தட்டவும் வேண்டாம், அழைப்பை ஏற்பது நம் பண்பு. ஆனால் போவது வேறு, வயிறு நிறைய உண்பது வேறு. ஒரு வாரத்தில் எது உங்கள் விருந்து என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அங்கே மனம் நிறையச் சாப்பிடுங்கள். மற்ற இடங்களில் ஒரு கரண்டிச் சோறு, தாளிச்சாவில் கிடக்கும் காய், வெங்காயப் பச்சடி, துஆ, முஸாஃபஹா, புறப்பட்டு விடலாம். பரிமாறும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "போதும்" என்று கையை நீட்டி மறைப்பவருடைய விரல் இடுக்கில் சோற்றைப் போடுவது உபசரிப்பு ஆகாது. அவருக்கு என்ன நோய் இருக்கிறதோ, யார் கண்டது? பிரட் அல்வாவைச் சின்னக் கிண்ணத்தில் வைத்தாலும் அது அல்வாதான்.

வெள்ளிக்கிழமை கறி என்பது பல வீடுகளின் வழக்கம். அதைக் காப்பாற்றுங்கள். அந்த ஒரு நாள் பளிச்சென்று தெரிய வேண்டுமானால், மற்ற நாட்களில் பிரிட்ஜிலிருந்து சிக்கன் பாக்கெட் இறங்கக்கூடாது.

நடையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே போக முடிந்தவர்கள் போகலாம். முடியாதவர்களுக்கு நம்மிடமே ஒரு பாதை இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஐந்து நிமிட நடை என்றால், ஐந்து வேளையும் போய்வர ஐம்பது நிமிடம். இரண்டு வேளைக்குத்தான் முடியும் என்றாலும் இருபது நிமிடம். ஆனால் பள்ளிவாசல் வாசலில் பாருங்கள், செருப்பு வரிசையைவிட பைக் வரிசை நீளமாக இருக்கிறது. அடுத்த தெருவிலிருந்து வருபவரும் பைக்கில்தான் வருகிறார். தொழுகையே உடற்பயிற்சி, தனியாக வேறு எதற்கு என்று சிலர் சொல்வதுண்டு. தொழுகை இபாதத். குனிந்து நிமிர்வதால் மூட்டுக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. மூச்சு வாங்க நடப்பதற்கு அது ஈடாகாது.

பெண்களின் நிலை வேறு, இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "நாள் முழுக்க வேலைதான் செய்கிறேன், எனக்கு எதற்கு நடை?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அடுப்படியில் ஓயாமல் நின்றால் கால் வலிக்கும், ஆனால் இதயத்துக்கு வேலை கிடைக்காது. அதைவிட, பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் தாய்தான். காய் தீர்ந்திருக்கும், மிச்சச் சோறும் குழம்பும் இருக்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை "வீணாக்கக் கூடாது" என்று அவரே சாப்பிட்டு முடிப்பார். கணவர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போனில் தினம் விசாரிப்பவர், தன்னுடைய இரத்தத்தைப் பல வருடமாகப் பார்த்திருக்கவே மாட்டார். நடக்க இடம் எங்கே என்ற கேள்வியும் நியாயமானது. தெருவில் தனியாக நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து சுப்ஹுக்குப் பின் நடந்தால் அந்தக் கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும். அதுவும் முடியாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், போன் பேசிக்கொண்டே நடங்கள். வளைகுடாவுக்குப் போகும் அந்த அழைப்பு எப்படியும் அரை மணி நேரம் நீளும். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்: உம்மாவின் தட்டில் காய் விழுந்ததா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

நோன்புக் காலம் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போடலாம். 2001ல் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள முஸ்லிம்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தினர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். ஈமான் அப்படி. ஆகவே ரமலானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள், ஐயமிருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? நோன்புக் கஞ்சி அருமையான உணவு. பயத்தம்பருப்பு, வெந்தயம், பூண்டு என்று எல்லாம் சேர்ந்தது. அதன் பக்கத்தில் வந்து உட்காரும் வடை, சம்சா, பஜ்ஜி, ரோஸ் மில்க் கூட்டணிதான் பெருநாளன்று நம் சட்டையை இறுக்குகிறது.

பிள்ளைகளே, உங்களுக்குச் சுருக்கமாக. 300 மில்லி குளிர்பானத்தில் ஆறேழு ஸ்பூன் சீனி கரைந்திருக்கிறது. ஷவர்மா மாதத்துக்கு ஒரு முறை நண்பர்களோடு போய்ச் சாப்பிடும் கொண்டாட்டமாக இருக்கட்டும். கூடவே அந்த குளிர்பானம் வேண்டாம்.

கடைசியாகப் பரிசோதனை. 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குள் இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. இங்கே நிற்பவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள், சாப்பாட்டாலும் நடையாலுமே பலர் திரும்பி வந்துவிடலாம். 126ம் அதற்கு மேலும் இருந்தால் மீண்டும் ஒரு முறை பார்த்து உறுதி செய்து, டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் அதையும் விடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க அடிமை என்று சொல்பவர் பேச்சைக் கேட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

பின் அறையில் இரண்டு செவிலியர் சகோதரிகள் அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு இடப்பக்க வாசல். முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். வெளியே கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் வைத்திருக்கிறோம். டீயில் சீனி போடவில்லை, தனியாகக் கிண்ணத்தில் இருக்கிறது. அருகில் ஒரே ஒரு ஸ்பூன்தான் வைத்திருக்கிறோம், அதுவும் சின்னது. வஸ்ஸலாம்.