தக்கவைப்பதும் விடுவிப்பதும்



விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதையே பேசுகிறார்கள். ஆனால் சம்பளத்துக்கு ஆடும் குழு ஒவ்வொன்றுக்கும் மைதானத்துக்கு வெளியே ஆண்டுதோறும் ஒரு சோதனை உண்டு. இருக்கின்ற ஆட்டக்காரர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று தீர்மானிப்பதே அது. அத்தீர்மானம் எம்முறையில் செய்யத்தக்கது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் இது நெடுநாளைய வழக்கம். அங்கே என்.பி.ஏ. குழு ஒன்று கோடையில் 21 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போதோ, முழு ஒப்பந்தம் பெற்றவர்கள் 15 பேருக்கு மேல் இருத்தலாகாது. சம்பளத்துக்கும் 1984-85 முதல் ஓர் உச்சவரம்பு உண்டு. நம் நாட்டில் இதே சோதனையை ஐ.பி.எல். கிரிக்கெட் கொண்டுவந்து சேர்த்தது. கொச்சி நகரமும் அதில் ஒரு பங்கைக் கண்டதுண்டு.

நாம் பணிபுரியும் வெலிங்டன் தீவுக்குக் காயலின் அக்கரையில் எர்ணாகுளம். அங்கே கலூரில் ஜவாஹர்லால் நேரு மைதானம். 2011-ஆம் ஆண்டு கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்ற குழு அங்கே ஆடிற்று. இலங்கையின் மகேல ஜயவர்த்தன அதன் தலைவர். கண்டித் தமிழரான முத்தையா முரளிதரனும் அக்குழுவில் இருந்தார். அவர் அதற்கு முன் மூன்று பருவங்கள் சென்னைக்கு ஆடியவர். சென்னைக் குழு அவ்வாண்டு தோனி, ரைனா, முரளி விஜய், ஆல்பி மார்க்கல் ஆகிய நால்வரை மட்டுமே தக்கவைத்துக்கொண்டது. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய ஒருவருக்கே அந்த நால்வரில் இடமில்லை! கொச்சி அவரை 11 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. ரவீந்திர ஜடேஜாவையும் 9 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு எடுத்தது.

கொச்சிக் குழு 14 ஆட்டங்களில் 6-இல் வென்று, பத்துக் குழுக்களில் எட்டாவதாக நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில், வங்கி உத்தரவாதம் செலுத்தவில்லை என்று கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. யாரை வைப்பது, யாரை விடுவது என்ற கேள்விக்கே இடமின்றி எல்லா ஆட்டக்காரரும் ஒருசேர வெளியே நின்றனர். 2012 ஏலத்தில் ஜடேஜாவைச் சென்னை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. முரளிதரன் பெங்களூருக்குச் சென்றார்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? விடப்பட்டவர் திறமையற்றவர் அல்லர் என்பதே. குழுவுக்கு வேண்டியது வரும் ஆண்டின் ஆட்டம். மக்கள் நினைவில் இருப்பதோ சென்ற ஆண்டுகளின் ஆட்டம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் தீர்மானிப்பவரும் இடறுகிறார், பார்ப்பவரும் மனம் வெதும்புகிறார்.

பணக் கணக்கும் இதில் உண்டு. 2025 பருவத்துக்கென ஒவ்வொரு குழுவுக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு; ஆட்டக்காரர் 25 பேருக்கு மேற்படலாகாது. சென்னைக் குழு கெய்க்வாடுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பதிரணாவுக்கு 13 கோடி, துபேக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி என்று ஐவரைத் தக்கவைத்தது. ஆக 65 கோடி. எஞ்சியது 55 கோடி. நிரப்பக்கூடிய இடங்களோ 20. ஒருவரை வைத்துக்கொள்வது என்பது, அவர் சம்பளத்தால் வரக்கூடிய வேறு இருவரையோ மூவரையோ வேண்டாமென்பதும் ஆகும். அவ்வாண்டு சென்னை 14 ஆட்டங்களில் 4-இல் மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்றது. பழகிய முகங்கள் மட்டும் வெற்றியைத் தந்துவிடுவதில்லை.

2025 நவம்பரில், கேரளத்தவரான சஞ்சு சாம்சனைப் பெறும்பொருட்டு, ஜடேஜாவையும் சாம் கரனையும் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் ஜடேஜா. அவரை அனுப்பியது நன்றி மறந்த செயல் என்று வருந்தியவர் பலர். பதிரணாவையும் சென்னை விடுவித்தது. அடுத்த மாதம் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. ஒரு குழுவின் கணக்கில் 13 கோடிக்கு நில்லாதவர், மற்றொன்றின் கணக்கில் 18 கோடி பெறுகிறார். இவை ஆளின் தகுதிக்கு இட்ட மதிப்பெண்கள் அல்ல. அவரவர் தேவைக்கு இட்ட விலைகள்.

மொழிபெயர்ப்பை வாழ்வாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. விளையாட்டுச் செய்திகளில் ஒருவரை 'விடுவித்தார்கள்' என்று எழுதுகிறார்கள். அரசாங்கக் காரியாலயத்திலும் இச்சொல் உண்டு. அங்கே மாற்றலாகிச் செல்பவரை விடுவிக்கும் ஆணை பிறக்கும்போது, அவர் போய்ச் சேரவேண்டிய இடமும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். விளையாட்டுக் குழுவின் ஆணையில் வெளியேறும் வாயில் மட்டுமே உண்டு.

காரியாலயங்களும் ரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்கு உத்தியோகம் அளிப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. கோட்டயத்தைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை கீது அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் குழுக்கள் மூன்றின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். இந்தியப் பெண் ஒருவருக்கு அவ்வழைப்பு வந்தது அதுவே முதன்முறை. இடம் கிடைக்கவில்லை. ஆயினும் தெற்கு ரயில்வேயில் அவருக்குப் பணி இருந்தது. இந்திய அணியிலும் இடம் இருந்தது. தேர்வில் தவறியது அவருக்கு ஒரு வாய்ப்பின் இழப்பேயன்றி, வாழ்வின் இழப்பு அன்று.

பெயர்பெற்றவரை ஒரு குழு விட்டால் மற்றொன்று அழைக்கும். நாம் கவலைப்பட வேண்டியது, 30 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் சேர்ந்து, ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் அனுப்பப்படும் இளைஞனைப் பற்றியே. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வந்தவனாயின் அவன் கதி என்ன?

ஆகவே, தீர்மானிக்கும் பொறுப்புடையோர் மூன்றை மறவாதிருத்தல் நலம். முதலாவது, வரும் ஆண்டின் தேவையையே அளவுகோலாகக் கொள்ளுதல். தயவுக்காக ஒருவரை வைப்பது, தகுதியுள்ள மற்றொருவருக்குச் செய்யும் அநீதியாகும். இரண்டாவது, முடிவையும் அதன் காரணத்தையும் ஆட்டக்காரரிடம் முதலில் நேரில் சொல்லுதல். அவர் அதைச் செய்தித்தாளில் பார்த்து அறியலாகாது. மூன்றாவது, ஆடும் காலத்திலேயே கல்விக்கோ தொழிலுக்கோ வழிசெய்து வைத்தல்.

பார்வையாளராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இத்தீவின் பெரும்பகுதி, கப்பல் வழியை ஆழப்படுத்த வாரியெடுத்த மண்ணால் ஆனது. ஓரிடத்தில் இடையூறென்று எடுத்தது மற்றோரிடத்தில் நிலமாயிற்று. ஒரு குழு விட்டுவிட்ட ஆட்டக்காரரையும் அவ்வாறே கருதுவோம். அடுத்த பருவத்தில் வேறு நிறச் சட்டை அணிந்து அவர் நம் மைதானத்துக்கு வரும்போது, பழைய ஆட்டத்தை நினைந்து எழுந்து நின்று கைதட்டுவோம். கணக்குப் பார்ப்பது குழுவின் வேலை. நன்றி பாராட்டுவது நம்முடையது.