புர்ஜ் ஹம்மூதின் மலிவுச் சாப்பாட்டுக்கடை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு உணவு பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சமையல் குறிப்பு சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வரவு செலவு. அதனால் ஒரு சாப்பாட்டுக்கடையின் கணக்கைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் பிளாக்குகளில் வார இறுதியானால் ஹம்முஸும் ஷவர்மாவும் பார்சலில் வருகின்றன. பில்லைப் பார்த்தால் இது வசதியானவர்கள் சாப்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் லெபனானில் ஹம்முஸ் என்பது வேலைக்குப் போகிறவன் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகும் சாப்பாடு.

தலைநகர் பெய்ரூட்டை ஒட்டி, ஆற்றுக்கு அக்கரையில் புர்ஜ் ஹம்மூத் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1915-இல் துருக்கியில் நடந்த படுகொலையில் தப்பி வந்த ஆர்மீனியர்கள் குடியேறி உருவாக்கிய இடம். விட்டு வந்த ஊர்களின் பெயரையே தெருக்களுக்கும் பேட்டைகளுக்கும் வைத்தார்கள்: மராஷ், சிஸ், அதானா. குறுகலான சந்துகள், தலைக்கு மேல் சிக்கலாக மின்கம்பிகள், கீழே தையற்காரர், செருப்புத் தைப்பவர், நகைத் தொழிலாளி. பிறகு சிரியாக்காரர்கள் வந்தார்கள். வீட்டு வேலைக்காக எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், இலங்கையிலிருந்து பெண்கள் வந்தார்கள். லெபனான் பேச்சுவழக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கே 'இலங்கைக்காரி' என்று பெயராகிவிட்டது என்றால் எத்தனை பேர் போயிருப்பார்கள், பாருங்கள்.

இப்படிப்பட்ட பேட்டைகளில் இருக்கும் சிறிய கடைகளைக் கவனியுங்கள். நாலைந்து மேசை. அலங்காரம் கிடையாது. காலையில் திறந்து, மதியம் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். முக்கியமான பண்டம் 'ஃபூல்'. நம் மொச்சை போன்ற ஒரு பெரிய பயறு. குறுகிய கழுத்துள்ள பானையில் இரவு முழுக்கச் சிறு தீயில் வேகும். காலையில் அதில் பூண்டு, எலுமிச்சைச் சாறு, சீரகம், ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கிண்ணத்தில் தருவார்கள். கூடவே ஒரு தட்டில் வெங்காயம், புதினா, தக்காளி, ஆலிவ், டர்னிப் ஊறுகாய். இதற்குத் தனி விலை கிடையாது.

இது எப்படிக் கட்டுபடியாகிறது? பி.காம். படித்தபோது சரக்குச் சுழற்சி என்று ஒரு பாடம் இருந்தது. அதை இந்தக் கடைகள் படிக்காமலே செய்கின்றன. கொண்டைக்கடலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எள் விழுதோடு அரைத்தால் ஹம்முஸ். அரைக்காமல் எண்ணெயும் சீரகமும் சேர்த்தால் பலீலா. காய்ந்த ரொட்டித் துண்டுகளோடு தயிர் ஊற்றினால் ஃபத்தே. ஊறவைத்து அரைத்துப் பொரித்தால் ஃபலாஃபெல். ஒரு மூட்டைச் சரக்கு, நாலு பண்டம். முந்தின நாள் ரொட்டிகூட வீணாவதில்லை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த குபூஸ் ரொட்டியால் எடுத்தே சாப்பிடுவதால், கழுவ வேண்டிய ஸ்பூனும் குறைவு.

பக்கத்திலேயே 'ஃபுர்ன்' என்ற ரொட்டி அடுப்புக்கடை இருக்கும். அங்கே மாவைத் தட்டி, சாத்தர் என்ற மூலிகைப் பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுட்டால் அது 'மனூஷே'. வீட்டிலிருந்து பெண்கள் தாங்களே கலந்த சாத்தரைக் கொண்டுபோய்க் கொடுத்து, மாவுக்கும் சுடுகூலிக்கும் மட்டும் காசு கொடுத்து வாங்கி வரும் வழக்கமும் உண்டு. 2023-இல் யுனெஸ்கோ இந்த மனூஷேயைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே ஆண்டில்தான் அதை வாங்கக் காசில்லாமல் பலர் நின்றார்கள். இனி அந்தக் கதை.

1997 முதல் ஒரு டாலருக்கு சுமார் 1,507 லிரா என்று லெபனான் கட்டிவைத்திருந்தது. 2019 அக்டோபரில் அந்தக் கட்டு அவிழ ஆரம்பித்தது. 2023 மார்ச்சில் வெளிச்சந்தையில் ஒரு டாலர் ஒரு லட்சம் லிராவைத் தாண்டியது. அப்போது அந்த நாட்டின் மிகப் பெரிய நோட்டே ஒரு லட்சம்தான். 66 டாலர் பெறுமானமுள்ள நோட்டு ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. நெருக்கடிக்கு முன் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,75,000 லிரா, அதாவது சுமார் 450 டாலர். புதிய கணக்கில் அதே தொகை ஏழு டாலர்கூட இல்லை. சம்பளத்தைப் பிறகு கூட்டினார்கள். விலைவாசியைப் பிடிக்க முடியவில்லை.

நடுவில் 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகத்தில் வெடிவிபத்து. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புர்ஜ் ஹம்மூத் துறைமுகத்துக்குப் பக்கம். நாட்டின் முக்கியமான தானியக் களஞ்சியமும் அதில் சிதைந்தது. 2022-இல் உக்ரைன் போர் வந்தது. லெபனான் கோதுமையின் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கோதுமை வாங்கவே உலக வங்கியிடம் 15 கோடி டாலர் கடன் கேட்க வேண்டியதாயிற்று.

வங்கிகளோ வாடிக்கையாளரின் பணத்தை அவர்களிடமே கொடுக்க மறுத்தன. 2022 செப்டம்பரில் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் புகுந்து, சகோதரியின் புற்றுநோய் சிகிச்சைக்காகத் தன் கணக்கிலிருந்த பணத்தை வாங்கிப் போனார். கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தே காலம் கழித்தவன் நான். போட்ட பணத்தைக் கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. (நம் நாட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.)

அந்த நாட்களின் கடைக்காரர் இடத்தில் இருந்து பாருங்கள். இன்று விற்ற காசில் நாளை அதே அளவு சரக்கு வாங்க முடியாது. காலையில் வைத்த விலை மாலையில் நஷ்டம். விலையை ஏற்றினால், ஆயிரம் இரண்டாயிரம் லிராவுக்கு மனூஷே வாங்கித் தின்ற கூலிக்காரர் வரமாட்டார். ஏற்றாவிட்டால் கடை இருக்காது. மலிவுக்கடையில் லாபம் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம்தான். அதனால் அடியைத் தாங்கும் பஞ்சும் கொஞ்சம்தான். பெரிய ஓட்டல் டாலரில் விலை போட்டு, டாலர் வைத்திருப்பவரிடம் விற்றுத் தப்பிக்கும். இவர் வாடிக்கையாளரிடம் இருப்பதோ லிரா.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மலிவான சாப்பாடு யாரோ போடும் தருமம் அல்ல. கூர்மையான கணக்கும், நாளைக்கும் இந்தக் காசு செல்லும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து தருவது. கணக்கைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். காசின் மதிப்பைக் காப்பது நாட்டை நடத்துகிறவர்கள் வேலை. அவர்கள் தவறினால் முதலில் காலியாவது ஏழையின் காலைத் தட்டு.

அடுத்த முறை ஹம்முஸ் பார்சல் வந்தால், பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.