மேனியில் சேரும் ஓவியங்கள்



அஞ்சல் தலை சேர்ப்பவர் உண்டு. பழங்காசு சேர்ப்பவர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்க்கும் சிறுவர் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தனர். எதைச் சேர்ப்பவராயினும் அதை வைக்க அவருக்கு ஒரு பெட்டி வேண்டும். பூட்டும் திறவுகோலும் வேண்டும். இவை எதுவும் வேண்டாத சேகரிப்பு ஒன்று உலகில் இருக்கிறது. அதைச் சேர்ப்பவர் தம் தோளையும் முதுகையுமே ஏடாகக் கொள்கிறார். பல கலைஞர்களை நாடிச் சென்று, ஒவ்வொருவர் கைவண்ணத்தையும் தம் உடலில் பச்சையாகக் குத்திக்கொண்டு சேர்த்துவைப்பவரை மேலை நாடுகளில் 'டாட்டூ கலெக்டர்' என்பர். தமிழில் பச்சைச் சேகரிப்பாளர் எனலாம்.

ஆசைக்கு ஒரு பூவையோ அன்புக்கு ஒரு பெயரையோ குத்திக்கொள்வதோடு நிற்பவர் இக்கணக்கில் வாரார். எந்தக் கலைஞரின் கோடு எத்தகையது, யார் நிழல் தீட்டும் முறை சிறந்தது என்று ஆய்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடல் கடந்தும் சென்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பவரே சேகரிப்பாளர். இத்தகையோர் தம்மையொத்த ஆர்வலரைத் தேடிக் கூடுவது ஏன், அக்கூட்டுறவால் விளைந்தது என்ன என்பனவே இவ்வுரையின் பொருள்.

'டாட்டூ' என்பது பசிபிக் பெருங்கடல் தந்த சொல். 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபோது, அங்குள்ளோர் 'ததாவ்' என வழங்கியதைக் கேட்டு ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றனர். வழக்கமோ அச்சொல்லினும் மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட மனித உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழமையானது. அவ்வுடலில் 61 குறிகள் எண்ணப்பட்டுள்ளன. மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஊசி கொண்டுசேர்க்கும் மைத்துகளோ அதற்குக் கீழுள்ள அடுக்கில் தங்குகிறது. அங்குள்ள உயிரணுக்கள் அத்துகளை விழுங்கித் தேக்கிவைப்பதால் கோலம் அழிவதில்லை. கரிய மையும் தோலின் ஊடே பார்க்கையில் நீலமும் பச்சையும் கலந்து தோன்றும். தமிழர் அதற்குப் 'பச்சை' என்று பெயரிட்டது கண்ணால் கண்டதை அப்படியே சொன்னதாகும்.

இச்சேகரிப்புக்கு வேறெதற்கும் இல்லாத இயல்புகள் சில உண்டு. இதை விற்க இயலாது. அடகு வைக்க இயலாது. பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் இயலாது. கள்வனும் கவர்ந்து செல்ல மாட்டான். அஞ்சல் தலை பிடிக்காமற் போனால் மாற்றிக்கொள்ளலாம். இதில் ஒருமுறை ஏற்றது ஏற்றதே. இவை எல்லாவற்றினும் வியப்பானது ஒன்று. உடலில் ஓவியம் எழுத மிகப் பரந்த இடம் முதுகு. தேர்ந்த கலைஞர் தம் பெரும்படைப்பை அங்கேதான் அமைப்பர். ஆனால் அதற்கு உரியவர் அதைத் தம் கண்ணால் நேரே காண இயலாது. கண்ணாடியில் இடம்வலம் மாறிய நிழலைத்தான் காண்பார். தன் சேகரிப்பின் தலைசிறந்த பொருளைப் பார்க்கப் பிறர் கண்ணை எதிர்பார்க்க வேண்டியவர் இவர் ஒருவரே. ஆகவே ஒத்த ஆர்வலரின் நட்பு இவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் அமைவதில்லை. அச்சேகரிப்பு முழுமை பெறுவதே அந்நட்பினால்தான்.

இவ்வுண்மையை முதலில் நன்குணர்ந்தோர் ஜப்பானியர் எனலாம். இன்றைய தோக்கியோ நகரம் எடோ எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில், தச்சர், சுமை தூக்குவோர், தீயணைப்போர் முதலிய உழைப்பாளர் முதுகு நிறையப் பச்சை குத்திக்கொண்டனர். 1827 அளவில் குனியோஷி என்னும் ஓவியர், சீனப் பழங்கதையின் வீரர்களை உடலெங்கும் பச்சைக் கோலத்தோடு அச்சோவியங்களாகத் தீட்டினார். அவை வழக்கத்திற்குப் பேரூக்கம் அளித்தன. தீயணைப்போர் டிராகனை விரும்பினர். அது நீருக்குரிய விலங்கு என்பது அந்நாட்டார் நம்பிக்கை; மரவீடுகள் நிறைந்த ஊரில் தீயோடு போராடுவோர்க்கு அது காப்பாயிற்று. முதுகு முழுவதையும் மூங்கிற் பிடியில் கட்டிய ஊசிகளால் கையாலேயே குத்தி முடிக்க ஆண்டுகள் ஆகும். எனவே ஒருவர் முதுகைக் கண்டவர் அவர் பொறுமையையும் உடன் கண்டார்.

பச்சை குத்திக்கொண்டோர் ஓரிடத்தில் கூடி ஒருவர் மேனியை ஒருவர் பார்த்துப் புகழ்ந்தும் குறை கூறியும் மகிழும் காட்சியைப் புனைகதையில் பதித்தவர் ஜூனிச்சிரோ தனிசாகி. 1910இல் அவர் வெளியிட்ட சிறுகதையின் தலைவனே பச்சை குத்தும் கலைஞன்தான். இத்தகையோர் சங்கம் 'சோயூகாய்' எனப்பட்டது.  ஒரே ஆசிரியரிடம் குத்திக்கொண்டவர்கள் உடன்பிறந்தார் போலப் பழகினர். ஆசிரியர் தம் பெயரை ஓவியத்தின் ஓரத்தில் சிறு கட்டத்தினுள் பொறித்துவைப்பார். அது குடும்பப் பெயர் போலாயிற்று.

மேலை நாட்டார் தம்மை நாகரிகமற்றவர் என எண்ணுவரோ என அஞ்சி, 1872இல் ஜப்பானிய அரசு இக்கலையைத் தடை செய்தது. அத்தடை 1948 வரை நீடித்தது. ஆனால் எந்த மேலை நாட்டார்க்கு அஞ்சித் தடை பிறந்ததோ, அவர்களே அக்கலைஞர்களைத் தேடி வந்தது காலத்தின் நகைச்சுவை. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசர், 1881இல் ஜப்பான் சென்றபோது தம் கையில் டிராகனைக் குத்திக்கொண்டார்.

மேலை நாடுகளில் நிலைமை வேறு. 1891இல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி மின்னூசிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின் தொழில் விரைவு பெற்றது; மதிப்புப் பெறவில்லை. துறைமுகத் தெருக்களில் மாலுமிகளுக்குரிய கடைகளாகவே அவை இருந்தன. கலைஞர் ஒருவரோடொருவர் பேசார். மை கலக்கும் முறையைத் தம் மகனுக்கும் சொல்லத் தயங்கினர். குத்திக்கொண்டவரோ சட்டைக்குள் மறைத்துத் தனியே வாழ்ந்தார்.

அத்தனிமையைத் தளர்த்திய முயற்சிகளுள் ஒன்று, 1953இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் லெஸ் ஸ்கியூஸ் என்னும் கலைஞர் தொடங்கிய பிரிஸ்டல் டாட்டூ கிளப். குத்துவோரும் குத்திக்கொள்வோரும் அங்கே ஒன்றாகக் கூடினர். கடல் கடந்த நண்பர்களோடு கடிதமும் புகைப்படமும் பரிமாறினர். கடிதத்தின் ஆற்றலுக்கு மற்றுமொரு சான்று ஹோனலூலுவில் கடை நடத்திய நார்மன் காலின்ஸ். 'செய்லர் ஜெர்ரி' எனப் பெயர் பெற்ற அவர், ஜப்பானின் கிஃபு நகரத்துக் கலைஞர் ஹொரிஹிதேயோடு நெடுங்காலம் எழுதிவந்தார். மேலை நாட்டு வண்ணமும் பொறி நுட்பமும் அங்கே சென்றன. உடல் முழுவதையும் ஒரே ஓவியமாகக் கருதி அமைக்கும் ஜப்பானிய முறை இங்கே வந்தது. இத்தொடர்பின் வழியே 1973இல் டான் எட் ஹார்டி என்னும் அமெரிக்கர் ஜப்பான் சென்று ஹொரிஹிதேயிடம் பயின்றார். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அவர் திறந்த கடையில், சுவரில் தொங்கும் படத்தைச் சுட்டிக்காட்டிக் குத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு மாறாக, வந்தவரோடு பேசி அவருக்கென்றே ஓவியம் வரையப்பட்டது. பச்சைச் சேகரிப்பாளர் என்னும் வகையினர் பெருகியது அதன் பின்னரே. 1976இல் ஹூஸ்டன் நகரில் ஒரு விடுதியில் பல நாட்டார் கூடிய மாநாடு நடந்தது. அதன்பின் மாநாடுகள் தொடர்ந்தன.

கூட்டுறவு அழகை மட்டும் வளர்த்ததில்லை, உயிரையும் காத்தது. ஊசி குருதியைத் தொடும் கருவி. மஞ்சட்காமாலைக் கிருமி பரவுகிறதெனக் கூறி 1961இல் நியூயார்க் நகரம் பச்சை குத்துதலையே தடை செய்தது. 1997இல்தான் அத்தடை நீங்கியது. ஊசியை ஒருவருக்கு ஒருமுறையே பயன்படுத்துதல், கருவிகளை உயரழுத்த நீராவியில் தூய்மை செய்தல், கையுறை அணிதல் ஆகியவை தொழிலின் ஒழுக்கமாக வேரூன்றியதில் ஆர்வலர் சந்திப்புகளுக்கும் பங்குண்டு. தூய்மையற்ற கடை எது என்பதை ஆர்வலர் ஒருவர்க்கொருவர் சொல்லிவிடுவர்.

இவர்களிடையே எழுதாச் சட்டங்கள் சிலவும் உண்டு. கேளாமல் பிறர் மேனியைத் தொடலாகாது. விலை என்ன என்பதற்கு முன் யார் கைவண்ணம் என வினவ வேண்டும். ஒருவருக்கென வரைந்த ஓவியத்தை மற்றொருவர் படியெடுத்துக் குத்திக்கொள்ளலாகாது. பாராட்டுதல் கடன், படியெடுத்தல் களவு.

இனி, இச்சேகரிப்பின் முடிவு யாது என்னும் வினா எழுகிறது. உடையவரோடு அதுவும் மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிறது. அதைத் தடுக்க முயன்றோர் உண்டு. மசாயிச்சி ஃபுகுஷி என்னும் ஜப்பானிய மருத்துவர் (1878–1956), இறந்தோரின் தோலை அவர்தம் இசைவோடு பெற்றுப் பாதுகாத்தார். பணமின்றி ஓவியத்தை முடிக்க இயலாதார்க்குத் தாமே பொருள் தந்து முடிக்கச் செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட அத்தோல்கள் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளன. ஆனால் அவர் திரட்டிய குறிப்புகளும் படங்களும் பெரும்பாலும் போர்க்காலத்தில் அழிந்துவிட்டன. கோடு இருக்கிறது, கோட்டுக்குரியவர் யார் என்ற செய்தி குறைந்துவிட்டது.

இதனினும் துயரமானது நியூசிலாந்து மாவோரியர் வரலாறு. அவர்தம் முகக்கோலம் ஒருவருடைய குலத்தையும் மரபையும் சொல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கோலமிட்ட தலைகளையே பண்டமாகக் கருதி, துப்பாக்கி கொடுத்து வாங்கினர். ஹொரேஷியோ ராப்ளி என்னும் படை அதிகாரி திரட்டிய தலைகளை 1907இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 2014இல்தான் அவை தாயகம் திரும்பின. அவரும் சேகரிப்பாளர் என்றே அழைக்கப்பட்டார். தம் மேனியில் வலி பொறுத்துச் சேர்ப்பவருக்கும், அறுத்தெடுத்த பிறர் தலைகளைச் சேர்த்தவருக்கும் ஒரே சொல் வழங்குவது சொல்லின் வறுமை. மனிதரிலிருந்து பிரித்தெடுத்த கோலம் வெறும் காட்சிப் பொருளாகிவிடுகிறது என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும்.

இன்றும் அக்கோலத்தைப் படிக்கத் தெரியாதவர் முன் அது இழுக்காகவே தோன்றுகிறது. 2013இல், பழங்குடி மொழிகள் பற்றிய கூட்டத்துக்காக ஜப்பான் சென்ற மாவோரி மூதாட்டி ஒருவர், முகத்திலிருந்த கோலத்தின் பொருட்டுப் பொதுக் குளியலகத்தில் அனுமதி மறுக்கப்பட்டார். குற்றக்குழுவினரின் அடையாளம் எனப் பச்சையை அஞ்சும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருந்தமையே காரணம். 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பச்சை குத்துதல் மருத்துவச் செயல் ஆகாது, அதற்கு மருத்துவர் உரிமம் வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது கலைஞர்க்கு ஆறுதலாயிற்று.

தமிழர்க்கு இவை அயலார் செய்திகளாகத் தோன்ற வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் எழுதிய தொய்யில் பேசப்படுகிறது. அது நீராடினால் அழிவது. ஊர்ப்புறத்துப் பெண்டிர் கையிலோ அழியாத பச்சை இருந்தது. குறத்தி ஊசியும் விளக்குக் கரியுமாக ஊர் ஊராக வருவாள். வலி மறக்கப் பாடிக்கொண்டே குத்துவாள். புள்ளிக்கோலம், தேள், தேர், கணவன் பெயரின் முதலெழுத்து எனக் கைகள் நிறையும். வாசலில் போட்ட கோலம் மாலைக்குள் மிதிபடும். கையில் போட்ட கோலம் வாழ்நாள் முழுதும் உடனிருக்கும். நகையும் நிலமும் இங்கேயே நின்றுவிடும், பச்சை ஒன்றே உயிரோடு உடன்வரும் என்பது அவர்தம் நம்பிக்கை. தோழியர் அருகருகே அமர்ந்து ஒரே கோலத்தைக் குத்திக்கொண்டதும் உண்டு. சங்கம் என்ற பெயரின்றி நடந்த கூட்டுறவு அது.

அப்பெண்டிர் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமையில் இருக்கின்றனர். அவர்தம் கைகளில் உள்ள கோலங்களை ஓலையோ தாளோ ஏந்தவில்லை. குத்தியவள் யார், எந்தத் திருவிழாவில், உடன் அமர்ந்தவர் யார், அழுதவர் யார், சிரித்தவர் யார் என்பனவற்றை அக்கைக்கு உரியவரே சொல்ல வேண்டும். படம் எடுப்பது எளிது. கதையைக் கேட்க ஆள் வேண்டும். மேலை நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் மற்றவரிடம் முதலில் கேட்பதும் அக்கதையைத்தான்.

பத்தாண்டுகளாகக் கூடிப் பிறர் எழுத்தைக் கேட்டும் பாராட்டியும் வந்துள்ள இவ்வட்டத்தார்க்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதன்று. எழுதியவன் தன் எழுத்தின் முதுகைத் தான் காணான். படிப்பவரே கண்டு சொல்கின்றனர். அக்கண்களை வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கும் பாட்டியின் கைமேலும் செலுத்தி, அவர் சொல்வதைக் குறித்துவைப்பார்களாயின், அடுத்த பத்தாண்டு மலரில் அழிய இருந்த ஏடுகள் சில அச்சேறும். அதற்குரிய காலம் நீண்டதாக இல்லை.